அம்மனுக்குப் போட்ட ஊசி

ஆடிப்பூரத்துக்கு மறுநாள் காலையில் நல்லாம்பேரி பேரிக்கரை அம்மன் அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு, பெண்கள் பெஞ்சில் ஊர்க்காரி முப்பிடாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முந்தின நாள் வளைகாப்பில் ஊர்ப் பெண்கள் போட்ட கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை ஏறியிருந்தது. உட்காரும்போது அத்தனையும் சேர்ந்து குலுங்க, மருந்து ஜன்னலில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. அம்மன்தான் என்று தெரிந்ததும் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. வரிசையில் இடம் போய்விட்டால் அம்மனா வாங்கித் தரப் போகிறாள்?

நர்ஸ் எஸ்தர் ராஜம் வந்து பெயரைக் கேட்டாள். அம்மன் சொன்னாள்.

"வயசு?"

அம்மன் யோசித்தாள். "கோயில் கல்வெட்டுல இருக்கும்."

"இது எத்தனாவது மாசம்?"

"அதைத் தெரிஞ்சிக்கிடத்தான் வந்தேன் சிஸ்டர். வருஷா வருஷம் வளைகாப்புப் போடுதாவ. வயித்துல பிள்ளை உண்டுமா இல்லையான்னு ஒருத்தரும் பார்த்ததில்ல."

எஸ்தருக்கு ஒரு பழக்கம் உண்டு. வளையல் அடுக்கிய கையைக் கண்டால் முதலில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் போடும் டிடி ஊசி, மற்ற பேச்செல்லாம் பிறகு. அம்மனின் வலது தோளில் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் தோளிலிருந்து கீழே துடைத்தாள். ஒரு பஞ்சில் போகவில்லை. "இது என்ன, சுவத்துக்குப் பூசுன மாதிரில்லா பூசியிருக்காவ!" என்று திட்டிக்கொண்டே தோளும் கையும் பளிச்சென்று ஆகும்வரை துடைத்தாள். பிறகு ஊசியைப் போட்டாள். அம்மன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதிய. வீங்கிரும்" என்றுவிட்டு எஸ்தர் அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

முப்பிடாதி வந்திருந்தது வேறு காரியத்துக்கு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், வேனில் போட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முகம் தெரியாத யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். டாக்டர் நஸ்ரின் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தாள்: இன்னொன்று உண்டானால் நீ இருக்க மாட்டாய். உண்டாகாமலிருக்கச் செய்யும் ஆபரேஷன் அதே கட்டடத்தில், பச்சைக் கதவு போட்ட அறையில் நடந்தது. ஆனால் ஊர் சம்மதம் இல்லாமல் எந்தப் பெண்ணும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு இருந்த சட்டம் அப்படி. முப்பிடாதிக்குச் சாகப் பயமாக இருந்தது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பயத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்தச் சட்டத்தை மாற்றத்தான் புதிதாக ஒரு மசோதா புறப்பட்டிருந்தது. பெண் தன் வாயால் கேட்டால் போதும், வேறு யார் சம்மதமும் வேண்டாம் என்பது மசோதா. ஒவ்வொரு ஊரிலும் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. நல்லாம்பேரியில் கேட்க அன்றைக்குத்தான் அதிகாரி வருகிறார்.

நல்லாம்பேரியில் யாரும் தனித்தனியாகக் கருத்து வைத்துக்கொள்வதில்லை. தேவைப்படும்போது கோயிலில் பூ கேட்பார்கள். அம்மனின் இரண்டு தோளிலும் தோளுக்கொன்றாகச் செவ்வரளிப் பூ வைப்பார் பூசாரி. வலது பூ விழுந்தால் ஊருக்குச் சம்மதம், இடது விழுந்தால் இல்லை. பூ தரையைத் தொட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் அதே கருத்து வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குள், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நினைத்ததாகச் சத்தியமே செய்வார்கள். பங்குத்தந்தையும் இமாமும் குழாய் ஸ்பீக்கரை எந்தத் திசைக்குத் திருப்புவது என்று தர்மகர்த்தாவோடு வருஷம் முழுக்க மல்லுக்கட்டினாலும், பெண்கள் விஷயம் என்று வந்தால் பூ எங்கேயோ தாங்களும் அங்கே என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒற்றுமையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் பூ எப்போதும் இடதுதான் விழுந்தது. தர்மகர்த்தா ஆவுடையப்பன் அம்மனின் வலது தோளுக்குத் தம் கையாலேயே சந்தனம் சாத்துவார். பக்தி அதிகம், அதனால் சந்தனமும் அதிகம். அதில் வைத்த பூ புயலடித்தாலும் அசையாது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை ஏமாற்று வேலை என்று நினைத்ததில்லை. வலது தோளுக்குச் சந்தனம் என்பது கோயில் வழக்கம், அவ்வளவுதான்.

முப்பிடாதியின் புருஷன் வண்ணமுத்து நல்லவன். பெண்டாட்டிமேல் உயிரையே வைத்திருந்தான். வேன் போன அந்தப் பாதை முழுக்க அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவன்தான். ஆனாலும் கருத்து என்று வந்தால் அவனும் ஊரோடுதான். "பூ சொல்லட்டும் பிள்ள" என்பான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். அவளுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"நீ எதுக்குளா வந்திருக்க?" என்றாள் அம்மன்.

முப்பிடாதி பச்சைக் கதவைக் காட்டினாள். "உள்ள போகணும் தாயே. ஊரு விடமாட்டேங்கு."

"யாருகிட்ட கேக்காவ?"

"உன்கிட்டதான்."

அம்மன் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கப் போய், கையை எடுத்துக்கொண்டாள். "என்கிட்டயா? பூவை வைக்காவ, எடுக்காவ. கேள்வி என்னன்னு ஒருநாளும் என் காதுல விழுந்ததில்ல. மேளம் அடிச்சிருவாவல்லா."

பதினோரு மணி வாக்கில் ஆவுடையப்பன், பூசாரி, பங்குத்தந்தை, இமாம், அதிகாரி என்று எல்லாரும் வந்தார்கள். பின்னால் ஊர். வண்ணமுத்து கூட்டத்தின் கடைசியில் நின்றான். கோயிலில் அம்மன் இல்லாததால் பூத்தட்டை இங்கேயே எடுத்துவர வேண்டியதாகிவிட்டது.

ஆவுடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "தாயே, அதிகாரி காத்திருக்காரு. கோயிலுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போனா நல்லது."

"டோக்கன் வரிசை விட்டா பிறகு ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள் எஸ்தர்.

அதுவும் நியாயம் என்று ஆவுடையப்பனுக்குப் பட்டது. பெஞ்சிலேயே பூ கேட்பதென்று முடிவாயிற்று. எஸ்தர் மின்விசிறியை நிறுத்தினாள். பூசாரி இரண்டு தோளிலும் பூவை வைத்தார். மேளக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சத்தம் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அதனால் அதிகாரி கேள்வியைப் படித்தது எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது.

"ஒரு பெண் இனி பிள்ளை வேண்டாம் என்று கேட்டால், அவள் சம்மதம் மட்டும் போதுமா?"

காத்திருந்தார்கள். இரண்டு தோளும் ஒன்றுபோல் சுத்தமாக இருந்ததால் எந்தப் பூவும் மற்றதைவிட முந்தவில்லை. வெளியே பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. ஆவுடையப்பன் வலது தோளை உற்றுப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. "சந்தனம் எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊசிக்குத் துடைச்சோம்" என்றாள் எஸ்தர்.

"எனக்குக் கை வலிக்கு. இந்தப் பூவை இவ தோள்ல வைங்க. கேள்வியும் இவளுடையதுதான?" என்றாள் அம்மன்.

"அது வழக்கம் இல்லையே தாயே."

"நான் ஆஸ்பத்திரிக்கு வாரதும் வழக்கம் இல்ல. வந்திருக்கேம்லா?"

ஆவுடையப்பன் பங்குத்தந்தையைப் பார்த்தார். பங்குத்தந்தை இமாமைப் பார்த்தார். இமாம் பூவைப் பார்த்தார். பூ எங்கேயோ அங்கே என்று மூன்று பேரும் ஊரறியச் சொல்லியாகிவிட்டது. பூசாரி இரண்டையும் எடுத்து முப்பிடாதியின் தோள்களில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

அதிகாரி கேள்வியை இன்னொரு முறை படித்தார்.

ஊரே முப்பிடாதியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற வண்ணமுத்துவை நேராகப் பார்த்து, வலது தோளை ஓங்கி ஒரு உலுக்கு உலுக்கினாள். செவ்வரளி பறந்து போய் ஆவுடையப்பன் காலடியில் விழுந்தது. இடது பூ இருந்த இடத்திலேயே இருந்தது.

"வலது" என்றார் அதிகாரி.

உடனே எல்லாருக்கும் அந்தக் கருத்து வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்" என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. வண்ணமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விழுந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நான்தான் முன்னாலயே சொல்லியிருக்கணும் பிள்ள" என்றான்.

"ஆமா" என்றாள் முப்பிடாதி. சொல்லும்போதே அழுகை வந்தது.

அவள் சம்மதமே போதும் என்று ஊரே சொல்லிவிட்டதால், அதையே ஊர் சம்மதமாக எழுதிக்கொண்டு டாக்டர் நஸ்ரின் அன்றைக்கே பச்சைக் கதவைத் திறந்தாள். ஆபரேஷன் முடிந்து முப்பிடாதி கண் விழித்தபோது வயிற்றில் லேசான வலியும், மனசில் இத்தனை வருஷம் இல்லாத ஒரு நிம்மதியும் இருந்தன. இனி எந்த மாதமும் நாள் தள்ளிப்போனதா என்று பயந்துகொண்டு கிடக்க வேண்டாம். பிள்ளைகள் தலையெடுப்பதை இருந்து பார்க்கலாம். பக்கத்துக் கட்டிலில் அம்மன் சாய்ந்திருந்தாள். பரிசோதித்ததில் பிள்ளை இல்லை, ரத்தம்தான் குறைவு என்று தெரிந்திருந்தது. சத்து மாத்திரையும் ஒரு வாரப் படுக்கையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முப்பிடாதியின் கடைக்குட்டி அம்மன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மசோதா வந்து இறங்கியது. இருபது வயதுப் பெண்பிள்ளைபோல் மெலிந்து, கால் முழுக்கப் புழுதியாக இருந்தது. வாசற்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டது. எஸ்தர் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து, முப்பிடாதிக்கு மறுபக்கம் இருந்த கட்டிலில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினாள்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல சிஸ்டர். ஊர் ஊரா நான் மட்டும்தான் போயிட்டு வாரேன்" என்றது மசோதா. பிறகு முப்பிடாதி பக்கம் திரும்பியது. "இன்னும் ஏழெட்டு ஊரு பாக்கி இருக்கு அக்கா. காலையில முதல் பஸ்ஸுக்கு எழுப்பிவிடுதியளா?"

"எழுப்புதேன். நீ முதல்ல சாப்பிடு" என்றாள் முப்பிடாதி. வண்ணமுத்து தூக்குவாளியைத் திறந்து இட்லியை எடுத்து வைத்தான். அவன் கைகழுவித் திரும்பியதும் அவள் சொன்னாள்: "ஏங்க, இந்தப் பிள்ளை தனியா அலையுது. நீங்க கூடப் போயி, நம்ம வீட்டுல நடந்ததை அங்கங்க சொல்லிட்டு வாங்க. எனக்கு இங்க அம்மன் இருக்கா."

வண்ணமுத்து சரி என்று சொல்லிவிட்டு, நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போட வீட்டுக்குப் போனான்.