வட்டிக்குப் போன ஜன்னல்

தையற்காரம்மாவின் வீடு மாதாமாதம் ஒரு சாண் சுருங்கியது. கிழக்குச் சுவர் சத்தமில்லாமல் உள்ளே நகரும். பூச்சு உதிராது, விரிசல் விடாது. வட்டி ஏறும் தேதியில்தான் அது நடக்கிறது என்று கவனித்தவள் அவருடைய மகள். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் என்பதால் தெருவே அவளைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பட்டத்துக்கு வாங்கிய கடனின் வட்டிதான் அது.

கடன் கொடுத்த அன்று வங்கி மேனேஜர் வழவழப்பான ஒரு காகிதத்தைக் காட்டினார். “கணக்குப் படிச்சவங்க சராசரியா இவ்வளவு சம்பாதிக்கறாங்கம்மா. ரெண்டே வருஷத்துல அடைச்சிடலாம்” என்று தேன் ஒழுகப் பேசினார். தையற்காரம்மா இருந்த ஒரே அறை வீட்டை அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படித்து முடித்த பிறகுதான் அந்தச் சராசரியின் லட்சணம் தெரிந்தது. அவள் வகுப்பிலும் ஒருவன் மட்டும் பங்குச்சந்தைக் கம்பெனிக்குப் போய், மற்ற எல்லோரும் சேர்ந்து வாங்குவதைத் தனியாக வாங்கினான். அவனையும் சேர்த்து வகுத்தால் எல்லோரும் பணக்காரர்கள்தானே! மகளுக்குக் கிடைத்தது டியூஷன் சென்டர் வேலை. சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாலும் வட்டியில் பாதிதான் தேறியது. கூசாமல் அந்தக் காகிதத்தை அச்சடித்தவர்களை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மகள் தையல் டேப்பை வைத்து அளந்தபோது அம்மா நம்பவில்லை. “பழைய டேப்புடி, இழுபட்டிருக்கும். அதான் அளவு கம்மியா காட்டுது” என்றார். மகள் இரும்பு டேப் வாங்கி வந்து அளந்தாள். சுவர் நகர்ந்தது நிஜம். கட்டாமல் விட்ட வட்டியும் காணாமல் போன தரையும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போயின. “இதைக் கண்டுபிடிக்கவாடி உன்னைப் படிக்க வச்சேன்?” என்று அம்மா எரிந்து விழுந்தார். முதலில் கட்டில் போட இடமில்லாமல் போனது. பிறகு ஒரு மாதம், கிழக்கு மூலையில் இருந்த ஜன்னலே போய்விட்டது. கொசுவலை கிழிந்த இடத்தில் அம்மா பச்சை நூலால் தைத்திருந்த ஜன்னல். பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தைக்க உட்கார்ந்தபோதுதான் அவர் அழுதார்.

“போச்சுன்னா, போன இடம்னு ஒண்ணு இருக்கணும்மா” என்றாள் மகள்.

தவணை கேட்கப் போன இடத்தில் அது கண்ணில் பட்டது. வங்கிக்கூடம் முன்பைவிட அகலமாக இருந்தது. ஓரத்தில், பளிங்குக்கு நடுவே சிவப்பு சிமென்ட் தரை. அதன்மேல் ஜன்னல், ஜன்னலில் கொசுவலை, கொசுவலையில் பச்சை நூல். அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி மேனேஜர் சுகமாக உட்கார்ந்திருந்தார்.

“சார், அது எங்க வீட்டு ஜன்னல்.”

“என்னம்மா நீ! அது எப்பவும் இங்கதான் இருக்கு.”

“யாருக்கு சார் காது குத்தறீங்க? அந்தத் தையல் எங்கம்மா போட்டது.”

“வட்டி ஏறினா ஏறினதுதான். சிஸ்டம் போடுது. நம்ம கையில என்ன இருக்கு?”

அவள் அங்கே கத்தவில்லை. தெருவுக்கு வந்து, போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். மறுநாள் தாயும் மகளும் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வங்கிக்குள் நுழைந்தார்கள். சிவப்புத் தரையில் பழைய கால்பள்ளங்கள் நாலும் அப்படியே இருந்தன. மிஷின் அவற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. விரட்ட வந்த காவலாளியின் பேன்ட் ஓரம் பிரிந்திருந்தது. திரும்பிப் போனபோது தைத்திருந்தது. அடுத்தடுத்த வட்டித் தேதிகளில் மிச்ச வீடும் கதவோடு, கதவில் இருந்த எண்ணோடு வந்து சேர்ந்தது. அம்மா கூடத்தின் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டார். பணம் போட வந்தவர்கள் குனிந்து போனார்கள். வங்கி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்களைத் தபால்காரர் உள்ளே கொண்டுவந்து, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிட்டுப் போனார். மகள் அவற்றின் பின்பக்கத்தில் டியூஷன் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தாள்.

வட்டி மட்டும் நிற்கவில்லை. எடுப்பதற்கு வெளியே வீடு இல்லாததால், அது கூடத்தை ஒட்டியிருந்த மேனேஜரின் அறையை எடுக்க ஆரம்பித்தது. மாதாமாதம் ஒரு சாண். முழங்கால் சுவரில் முட்டும் நிலை வந்ததும், அவர் சிவப்புத் தரையின் ஓரத்தில் வந்து நின்றார். “நீ கணக்குப் படிச்ச பொண்ணு, ஏதாவது பண்ணும்மா.”

“ஏறினா ஏறினதுதான் சார். சிஸ்டம் போடுது” என்றாள் அவள்.

இப்போது அந்த அறைக்குள் பக்கவாட்டில்தான் போக முடியும். கடன் கேட்டு வருகிறவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.