முன்தலையில் ஒரு விரற்கடை

கிள்ளானில் அரிசிக் கடை வைத்திருந்த இராமலிங்கம், தம் மகள் ரமணியைக் கட்டப்போகிறவனுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். அவனுக்குக் குடுமி இருக்க வேண்டும். படிப்பு, உத்தியோகம், குணம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். குடுமியே தலைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ரமணிக்கும் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. குடுமி இருக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தலை சபாபதியுடையது. இராமலிங்கத்தின் அக்காள் மகன் அவன். வயது இருபத்து மூன்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நாலு கிராணிமார்கள் சேர்ந்து எடுத்திருந்த பலகை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் மாமன் வீட்டில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வருவான். ரமணியைப் பார்ப்பதற்காகவும் போனான் என்பது ஊருக்கே தெரியும். அவன் மட்டும் அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ரமணி வெள்ளைக்கார அம்மா ஒருத்தி நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்தவள். புரட்டாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், கிணற்றடியில் அவன் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"அத்தான், உங்களைப் பின்னாலேர்ந்து பார்த்தா எனக்கு ஒரு பெரியக்கா இருக்கிற மாதிரி இருக்கு. முன்னாலேர்ந்து பார்த்தா தாத்தா இருக்கிற மாதிரி இருக்கு. நடுவுல மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இருக்காராமே, அவரு எங்கே?"

அன்று மாலை ரயிலில் சபாபதி, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் தலையைப் பெட்டாலிங் வரை பார்த்துக்கொண்டே வந்தான். முன்பாதி மழமழவென்று மழிக்கப்பட்டிருந்தது. பின்பாதியில் முழ நீளக் கூந்தல் முடிச்சிட்டுக் கிடந்தது. பெரியக்காவும் தாத்தாவும் அவனையே பார்த்தார்கள்.

திட்டம் அங்கேயே உருவாயிற்று. இனி முன்தலையை மழிப்பதில்லை. குடுமியை எடுப்பதும் இல்லை. முன்பாதியைத் தலைப்பாகைக்குள் யாருக்கும் தெரியாமல் வளர்ப்பது. தாலி கட்டிய மறுநாள் பின்பாதியை வெட்டிச் சமன் செய்துவிட்டால் கிராப்பு. மாமாவுக்குக் குடுமி மாப்பிள்ளை, ரமணிக்குக் கிராப்பு மாப்பிள்ளை. ஒரு தலை, இரண்டு பேருக்கும் திருப்தி.

பிரிக்பீல்ட்ஸில் சவரக் கடை வைத்திருந்த வேலாயுதத்திடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். சொல்லாமல் முடியாது. இருபது வருஷமாக இராமலிங்கமும் அதே வேலாயுதத்திடம்தான் வந்துகொண்டிருந்தார்.

"கிராணியாரே, யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிக்குத் தெரியணும்லா" என்றார் வேலாயுதம். "முளைக்கிற முடி படுக்காது. விரற்கடை நீளம், இதோ ஒரு விரல் அகலம், வர்ற வரைக்கும் நட்டுக்கிட்டுத்தான் நிக்கும். தலைப்பாகைக்குள்ள இருக்கிறது அடங்கிரும். ஓரத்துல இருக்கு பாருங்க, நெத்திக்கு மேலே ஒரு வரிசை, அதுதான் வெளியே எட்டிப் பார்க்கும்."

"மாமா கண்டுபிடிச்சா?"

வேலாயுதம் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். உங்க மாமாவுக்கு முன்தலையில முடி முளைக்கிறது நின்னு பத்து வருஷமாச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து உட்காருவார். நானும் சோப்புப் போடுவேன், கத்தியை ஓட்டுவேன், துடைப்பேன். ஒத்தை முடி வராது. அவரும் கண்ணாடியில பார்த்துட்டு, 'வழிச்சது சுத்தமா இருக்கு வேலாயுதம்' அப்பிடின்னுவார்."

சபாபதி சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இல்லாத முடியை மழித்துக்கொள்ள இருபது மைல் ரயிலேறி வரும் மனிதரை நினைத்தபோது, ஏமாற்றப்போகிறோம் என்ற உற்சாகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கைவிடும் அளவுக்குக் குறையவில்லை.

வேலாயுதம் சொன்னபடியே நடந்தது. ஐப்பசி பிறந்ததும் முடி நெல் நாற்றுப் போலக் கிளம்பிற்று. தலைப்பாகையை இழுத்துக் கட்டினால், அதன் விளிம்புக்குக் கீழே ஒரு வரிசை, ரயில் வந்துவிட்டதா என்று பார்க்கும் பிரயாணிகளைப் போல, நெற்றியில் எட்டிப் பார்த்தது. தேங்காய் எண்ணெய் வைத்தான். ஆபீஸ் போய்ச் சேரும் வரை படுத்திருந்து, பெரிய துரை அறைக்குள் நுழையும்போது எழுந்து நின்றது. ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினான், ஜலதோஷம் பிடித்தது. முடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிள்ளானில் தலைப்பாகையைக் கழற்றாமல் இருக்க அந்த ஜலதோஷமே காரணமாக உதவிற்று. ஜலதோஷம் போன பிறகும் காரணத்தை அவன் போக விடவில்லை.

"நாலு வாரமா ஒரு ஆம்பிளைக்கு நீர்க்கோவையா?" என்று அத்தை இராஜம்மாள் கவலைப்பட்டாள். மிளகு ரசம் வைத்தாள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். சபாபதி தலைப்பாகையோடு போர்வைக்குள் புகுந்து ஆவி பிடித்தான். இராமலிங்கம் மட்டும், "பெரியவங்க முன்னால தலையை மூடிக்கிட்டு உட்காருறான் பாரு, என்ன மரியாதை!" என்று மகிழ்ந்தார்.

கார்த்திகை முதல் ஞாயிறன்று சபாபதி ஒரு புதுக் காரியம் செய்தான். ஆபீஸில் காகித உறை ஒட்டும் கோந்தைக் கொஞ்சம் சிமிழில் எடுத்துவந்து, நெற்றியோர முடியைப் படியச் சீவி, மேலே தடவினான். கண்ணாடியில் பார்த்தால் ஓவியம் போல இருந்தது. கிள்ளான் ரயிலில் வெயில் ஏறியது. வியர்வையில் கோந்து இளகி, பிறகு தலைப்பாகைத் துணியோடு சேர்ந்து இறுகிற்று. மாமன் வீட்டில் அத்தை, "காய்ச்சல் இருக்கான்னு பார்க்கிறேன்" என்று தலைப்பாகையைத் தூக்கப் போனாள். அது அசையவில்லை. சபாபதியின் புருவம்தான் மேலே போயிற்று.

கிணற்றடிக்குத் தப்பி ஓடினான். ரமணி பின்னாலேயே செம்போடு வந்தாள்.

"அத்தான், நெத்தியில ஏதோ வடியுது."

"வேர்வை."

"வேர்வையில ஈ ஒட்டுமா?" அவள் கிட்டே வந்து பார்த்தாள். விளிம்போரம் விறைத்து நின்ற நாலு முடியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு வெந்நீரை ஊற்றி ஊற்றித் துணியைப் பிரித்தெடுத்தாள்.

"இங்க பாருங்க" என்று தன் நெற்றியைக் காட்டினாள். அவளுக்கும் வகிட்டுக்கு இரு பக்கமும் குட்டை முடிகள் சுருண்டு நின்றன. "எனக்குப் பொறந்ததுலேர்ந்தே இந்தத் தொல்லை. செம்பருத்தி இலையைக் கசக்கினா ஒரு கொழகொழப்பு வரும். அதைப் போட்டு, மேலே ஒரு சொட்டு விளக்கெண்ணெய். நீங்க பின்பக்கமா இழுத்துச் சீவுறீங்க, அதான் எழும்புது. அது எந்தப் பக்கம் வளருதோ அந்தப் பக்கமே சீவுங்க. சண்டை போடாதீங்க."

"உனக்காகத்தான் ரமணி இவ்வளவும். நீ சொன்னதுக்காக."

"நான் எத்தனையோ சொன்னேன். கடல் பார்க்கணும், கூட்டிக்கிட்டுப் போங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். ரயில்ல ஏறினா அரை மணி நேரம். அது காதுல விழலை, இது மட்டும் விழுந்திருக்கு."

அவள் சிமிழில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சபாபதி அங்கேயே நின்றான். அவள் சொன்னது சரிதான். இரண்டு மாதமாக ராத்திரி படுக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டு, முன்தலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் அவன் தூங்கியதில்லை. அப்போது ரமணி நினைவுக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. ஏழு வயதில் அப்பா உட்கார வைத்து முதன்முதலில் மழித்துவிட்ட இடம் அது. அங்கே என்ன முளைக்கும் என்று அன்றுமுதல் யாரும் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை.

கார்த்திகை கடைசியில் பரிசம் போட நாள் குறித்தார்கள். கிள்ளான் கோயில் மண்டபத்தில், சுவாமி சன்னிதியில். சன்னிதிக்குள் தலைப்பாகை கூடாது. மழித்துவிடுங்கள் என்று வேலாயுதமே சொன்னார். சபாபதி கடைக்குப் போனான், நாற்காலியில் உட்கார்ந்தான், சோப்பு நுரையைப் பார்த்தான், எழுந்து வந்துவிட்டான்.

பரிசத்தன்று விடியற்காலையில் செம்பருத்திச் சாற்றையும் விளக்கெண்ணெயையும் பூசி, வளரும் பக்கமே சீவினான். முன்தலை முழுதும் சாணி மெழுகிய தரைபோல் ஒட்டிக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மழித்த தலை, கொஞ்சம் கறுப்பு. மண்டபத்தில் தலைப்பாகையை எடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கற்பூரம் ஏற்றினார்கள். உச்சிவேளை, ஐம்பது பேர், நாலு குத்துவிளக்கு. எண்ணெய் இளகிற்று. ஓரத்து வரிசை முதலில் ஒன்று, பிறகு இரண்டு என்று எழுந்தது. குருக்கள் மந்திரத்தில் ஒரு வார்த்தையை இரண்டு முறை சொன்னார். தட்டை நீட்டிய இராமலிங்கத்தின் கை அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம்" என்று அவர் சபாபதியைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"என்னடா இது?"

"முடி, மாமா."

"அது தெரியுது. ஏன்?" அவர் கண்ணில் திடீரென்று ஒரு நம்பிக்கை வந்தது. "வேண்டுதலா? பத்துமலைச் சாமிக்கு முடி இறக்குறேன்னு நேர்ந்துக்கிட்டியா? அதான் கத்தி படாம வச்சிருக்கியா?"

தப்பிக்க வழி எதிரே திறந்து கிடந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ரமணி அவனுக்கு. ஆட்டாவிட்டால் தட்டு திரும்பிப் போகும். சபாபதி மாமாவின் பளபளத்த முன்தலையைப் பார்த்தான். வேலாயுதம் சொன்னது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டான். பொய்யையும் சேர்த்து விழுங்கிவிட்டான்.

"இல்ல மாமா. கிராப்பு வைக்கத்தான்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லை. எனக்கு வேணும்னு இருக்கு."

"விளக்கெண்ணெய் நான் கொடுத்தது, அப்பா" என்று தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரமணியின் குரல் வந்தது. "திட்டுறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுங்க."

"அங்க என்ன ரகசியம்?" என்று மண்டபத்திலிருந்து இராஜம்மாள் கத்தினாள். "நல்ல நேரம் போகுது!"

இராமலிங்கம் மகள் இருந்த திசையைப் பார்த்தார். சபாபதியின் நெற்றியைப் பார்த்தார். அவர் வலது கை மேலே எழுந்தது; அறைவார் என்று சபாபதி கண்ணை மூடிக்கொண்டான். உள்ளங்கை அவன் முன்தலையில் பட்டு, பின்னிருந்து முன்னுக்கு ஒருமுறை மெல்ல ஓடிற்று. முடி அதன் கீழே படுத்து, கை போனதும் எழுந்தது.

"அடர்த்தியாத்தான் இருக்கு" என்றார். குரல் அவருடையது போல இல்லை. பிறகு தொண்டையைச் செருமி, கடைக்காரர் ஆகிவிட்டார். "இங்க பாரு. பொய் சொல்ல உனக்கு வராது. அதை நான் பார்த்துக்குறேன். நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். ஆனா சாமி பேரைச் சொல்லிட்டா அப்புறம் அது சாமிக்குத்தான். தைப்பூசத்துல முன்னும் பின்னும் முழுசா இறக்கிடணும். அதுக்கப்புறம் முளைக்கிறதை நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ, நான் கேக்கமாட்டேன்."

வெளியே வந்து, ஐம்பது பேருக்கும் கேட்கும்படி, "மாப்பிள்ளைக்குப் பத்துமலை வேண்டுதல்!" என்றார். மண்டபம் முழுதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தட்டு மாறிற்று. சபாபதி ஒப்பந்தப்படி வாயைத் திறக்கவில்லை.

செய்தி மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டது. தைப்பூசத்துக்குள் அங்குள்ள இளைஞர்களிடையே பக்தி வேகமாகப் பரவிற்று. தகப்பன்மார்கள் பூரித்துப்போனார்கள். பத்துமலை ஆற்றங்கரையில் வேலாயுதம் பாயை விரித்தபோது, பதினோரு கிராணிமார்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் குடுமி. எல்லாருக்கும் முன்தலையில் ஒரு விரற்கடை. ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லாரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சபாபதியின் முறை வந்தது. வேலாயுதம் அவன் தலையை நனைத்தார்.

"முன்னாலேர்ந்து ஆரம்பிக்கவா, பின்னாலேர்ந்தா?"

சபாபதி நெற்றியோரத்தைத் தொட்டுப் பார்த்தான். நனைந்தும் அடங்காமல் நின்றது.

"பின்னாலேர்ந்து, அண்ணே" என்றான். "மெதுவாப் போங்க."

முழ நீளக் குடுமி மடியில் விழுந்தபோது அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.