பெரியப்பாவுக்கு இடமில்லாத பெட்டி

கணவர் காலமான பதினெட்டாம் நாள் இசை ஆசிரியை வேலைக்குத் திரும்பினார். வாசலில் துக்கம் விசாரித்த எல்லோருக்கும் "பரவாயில்லைங்க" என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அழுகை வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, அவ்வப்போது தம்மையே கிள்ளிப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை.

அது அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் வேலை செய்யும் கூடம். நீள மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்து ஸ்பூன்களைப் பெட்டியில் அடுக்குவார்கள். அவர்களில் மூத்தவர் கேப்டன். நாற்பத்து மூன்று வயது. வெயில் காலத்திலும் கழற்றாத நீலத் தொப்பியால் வந்த பெயர் அது. கேப்டனுக்கு எண்ண வராது, பாட வரும். ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியை அவருக்காக ஒரு பாட்டுக் கட்டினார். பாட்டில் பன்னிரண்டு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்புவார்கள். "அம்மா வந்தாச்சு" என்றால் பெட்டிக்குள் ஒரு ஸ்பூன். "அப்பா வந்தாச்சு" என்றால் இன்னொன்று. அக்கா, அண்ணன், தங்கை, தம்பி, மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா என்று வரிசை நகர்ந்து, கடைசியில் பெரியம்மாவும் பெரியப்பாவும் நுழைந்ததும் "வீட்டைப் பூட்டு!" என்று மூடியை அழுத்த வேண்டும். நான்கு ஆண்டுகளில் ஒரு பெட்டிகூடப் பிசகியதில்லை.

ஆசிரியை விடுப்பில் இருந்தபோது பெட்டி மாறிவிட்டது. புதியதில் பத்து ஸ்பூன்தான் கொள்ளும்.

"கேப்டன் பழையபடி அத்தனையும் திணிக்கிறாரு மேடம். மூடி பிஞ்சு வருது," என்றார் மேற்பார்வையாளர். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வீட்டுக்குத்தான் அனுப்பணும். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க." அவர் பொல்லாதவர் அல்லர். சொல்லும்போது தொப்பியைப் பார்த்தாரே தவிர, தொப்பிக்குக் கீழே பார்க்கவில்லை.

மாலையில் கேப்டனை அழைத்துப்போக வந்த அவருடைய அக்கா, ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன் வீட்டோட இருந்தா நான் வேலைய விட்டுடணும் டீச்சர். தனியா விட்டுட்டுப் போக முடியுமா, சொல்லுங்க?"

"பார்க்கலாங்க," என்றார் ஆசிரியை. தம் குரலே பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேளத்தை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே, பாட்டைச் சித்தப்பாவோடு நிறுத்தினார்.

"வீட்டைப் பூட்டு!"

கேப்டன் பூட்டவில்லை. "பெரியப்பா வெளிய நிக்கிறாரு."

"உள்ள இடமில்லைங்க கேப்டன்."

"சித்தப்பா மடியில உக்காரட்டும்."

மேசை முழுவதும் சிரித்தது. "உன் தொப்பியக் கழட்டு, எல்லாருக்கும் இடம் வரும்!" என்றார் எதிரே இருந்த பெண்மணி. அவரை வாயாடி என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். அவரும் அதைப் பட்டம்போல் ஏற்றுக்கொண்டவர்.

புதன்கிழமை ஆசிரியை, "பெரியம்மாவும் பெரியப்பாவும் ஊருக்குப் போயிருக்காங்க," என்று சொல்லிப் பார்த்தார்.

"எப்ப வருவாங்க?"

"வருவாங்க."

தவறு அங்கேதான் நேர்ந்தது. கேப்டன் பத்து ஸ்பூனை அடுக்கிவிட்டு, மூடியைத் திறந்து பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு பெட்டியும் மூடப்படவில்லை.

வியாழக்கிழமையும் அதே மூடி, அதே வாசல். "இன்னும் வரல டீச்சர்," என்றார் கேப்டன்.

ஆசிரியைக்குப் புதிய பொய் எதுவும் தோன்றவில்லை. "வரமாட்டாங்க கேப்டன்."

"செத்துட்டாங்களா?"

"ஆமா."

கேப்டன் யோசித்தார். "ஹாரன் சார் மாதிரியா?"

ஆசிரியையின் கணவருக்குக் கேப்டன் வைத்திருந்த பெயர் அது. தினமும் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து, வாசலில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிப்பார். முதலில் எழுந்து கையசைப்பவர் கேப்டன்தான்.

"ஆமா. அவர் மாதிரிதான்."

மேளத்தின் மீது இருந்த கை தானாகவே தட்டத் தொடங்கியது. கேப்டன் அம்மாவை உள்ளே விட்டார், அப்பாவை விட்டார், சித்தப்பாவரை விட்டார். பெரியம்மாவின் தட்டலில் ஸ்பூனை எடுக்கவில்லை. மேசையை உள்ளங்கையால் ஒருமுறை அடித்து, "பாம்" என்றார். பெரியப்பாவின் தட்டலிலும் அடித்து, "பாம்" என்றார். பிறகு, "வீட்டைப் பூட்டு!"

மூடி பிசிறின்றி அமர்ந்தது.

ஆசிரியை அடுத்த பெட்டிக்குத் தாளம் போட்டார். அதற்கடுத்ததற்கும் போட்டார். தாளம் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் ஆறு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பத்து.

"கடைசியில அது என்ன மேடம், பாம் பாம்?"

"பாட்டுல இருக்குங்க சார்."

"இருக்கட்டும், இருக்கட்டும். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

வாசலில் காத்திருந்த அக்காவிடம் கேப்டனே முந்திக்கொண்டார். "அக்கா, பெரியப்பா செத்துட்டாரு."

"ஐயையோ! எந்தப் பெரியப்பாடா?"

"பெட்டியில வருவாரே, அவரு."

அக்கா விழித்தார். ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, திங்கட்கிழமை வரலாம் என்பதையும் சொன்னார். அக்கா சிரித்து, உடனே கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். ஆசிரியையின் உதடுகளும் மரியாதைக்குச் சிரித்தன.

மேளத்தை உறையில் இட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மணி ஐந்து. வாசலில் வழக்கமான இடத்தில் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்பது சற்று நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. பிறகு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.