முப்பதில் ஏழாவது

அப்பாவின் கணக்குப்படி அம்மா இறந்து பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. எலி படிக்கட்டின் கடைசிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துணிக்குள்ளிருந்து ஏதோ உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் வந்தது. பிரித்துப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லு.

சத்தமில்லாமல் நடப்பதால் வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர். வைத்தவர் அப்பா. இப்போது வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில்தான் வந்து சேர்ந்தாள்.

சில்லை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தாள். வளைவு இல்லை. டம்ளர் கண்ணாடி அல்ல. மெல்லிய, தட்டையான கண்ணாடி. படச்சட்டத்தில் போடுவது. நிமிர்ந்தாள். படிக்கட்டுச் சுவரில் ஆறு படங்கள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன. ஆறாவதன் இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

கழுதையைக் காணோம்.

அப்பா அச்சுப் படங்கள் சேர்ப்பவர். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி எடுக்கும் படங்கள். முப்பது பிரதி எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்து அதைப் பாழாக்கிவிடுவார்கள். முப்பத்தோராவது பிரதி உலகத்தில் இருக்கக் கூடாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்வார். சொல்லும்போது கையைக் காற்றில் வேகமாக இழுத்துக் காட்டுவார். கழுதை, முப்பதில் ஏழாவது. மழையில் ஒரு கழுதை நிற்கும். அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளியிருந்த படக்கடையில் வாங்கியது. எல்லாமே அங்கே வாங்கியவைதான், இருபது வருடமாக.

வெயில் பட்டால் தாள் மங்கும் என்பதால் வீட்டில் திரைச்சீலையை விலக்கக் கூடாது. ஈரத்துணியோடு படத்தின் பக்கம் போகவே கூடாது. அம்மா ஒருமுறை ஜன்னலைத் திறந்து வைத்தாள். அன்று விழுந்த அறையில் இடது காது போயிற்று.

"ஒரு விதத்துல வசதிடி. வலது காதைத் தலகாணில அழுத்திப் படுத்தா வீடே அமைதியாயிடும்" என்பாள். பிறகு சிரிப்பாள். "கழுதைக்குக் கண்ணாடி போட்ட வீடு. எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் போடல."

அம்மா கூடத்தில் கிடந்தாள். தலையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தது. அப்பா வாசலருகே நின்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போயிடுச்சு. இருட்டுல எறங்கியிருக்கா. சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உடனே டாக்டருக்குப் போன் பண்ணினேன். எட்டு மணி இருக்கும்."

எல்லோரிடமும் அதே சொற்கள், அதே வரிசையில். தெருமுனை டாக்டர், விழுந்ததில் தலையில் அடி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் வீட்டுக் கூடத்திலும் அப்பா கொடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு மணிக்கு வண்டி வரும். அதற்குப் பிறகு சாம்பல்தான்.

எலி துணியை நனைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பாவின் அக்கா அங்கே டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்த வாளி எங்க இருந்துச்சு?"

"பாதிப் படியில. தண்ணியோட அப்படியே. வர்றவங்க தடுக்கி விழப்போறாங்கன்னு நான்தான் எடுத்து வச்சேன்."

"இருட்டுல யாராவது வீடு துடைப்பாங்களா?"

அத்தையின் கை நின்றது. வடிகட்டியிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது.

"வாய மூடிட்டு வேலையப் பாரு. அம்மா போயிட்டா. மிச்சம் இருக்கிறது ஒரு அப்பன்."

கூடத்தில் குரல் உயர்ந்தது. அம்மாவின் தம்பி வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர். இரவெல்லாம் ஓட்டி வந்த கண்கள். அக்காவின் தலைமாட்டில் குனிந்து துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நெத்தி எப்படிக் கிழிஞ்சுது?"

"குப்புற விழுந்தா."

"அப்ப பின்மண்டை?"

"உருண்டுருப்பா. நீ என்ன டாக்டரா? லாரி ஓட்டுறவன் லாரிய ஓட்டு."

"கண்ணாடி கிழிச்ச மாதிரி இருக்கு மச்சான்."

மாமா எழுந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அடுத்து நடந்தது மிகவும் வேகமாக நடந்தது. அப்பா அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். இன்னொரு முறை மோதினார். மாமாவின் புருவம் பிளந்தது. மூன்றாவது முறை மூக்கு. மாமா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். யாரோ "ஐயோ" என்றார்கள்.

சுவரில் மாட்டியிருந்த படம் ஒன்று சாய்ந்திருந்தது. அப்பா இரண்டு விரலால் அதன் ஓரத்தைத் தொட்டு நேராக்கினார். ஓரடி பின்னால் வந்து சரிபார்த்தார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினார். அதன் பிறகுதான் மூச்சு வாங்கினார்.

எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் படக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்று இருந்தது. கீழே உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். படம் மாட்ட வரும்போதெல்லாம் கேட்காமலே இரண்டாவது டீ கொடுப்பவள்.

"இன்னைக்கா கொண்டு வரணும்?" என்றார் அப்பா.

"துக்கம் கேக்கத்தான் சார் வந்தேன். அப்படியே இதையும்..."

"வச்சுட்டுக் கெளம்புங்க."

அப்பா கையை நீட்டுவதற்குள் எலி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அப்பாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின.

"எலி. குடு."

மணிக்கட்டைத் திருகினார். உள்ளே ஏதோ நகர்ந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவள் விடவில்லை. அந்த வீட்டில் அப்பாவின் முன்னால் அவள் எந்த வாக்கியத்தையும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

"இதை எப்ப கொண்டு வந்து குடுத்தாரு?" என்றாள் கடைக்காரரிடம்.

அப்பா முந்திக்கொண்டார். "அவ விழுந்தப்ப கை பட்டுப் படமும் விழுந்துச்சு. டாக்டர் போனதும் கொண்டு போய்க் குடுத்தேன். ராத்திரி. இல்லையா?" குரல் சட்டென்று இளகியது, கடையில் பேசுவதுபோல. "இருபது வருஷப் பழக்கம் நம்மளுது. சொல்லுங்க."

வெளியே வண்டி வந்து நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"வந்துட்டாங்க. தூக்குங்கப்பா, நேரமாகுது" என்றாள் அத்தை.

இரண்டு பேர் குனிந்தார்கள். எலி கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள்.

"ட்யூப்லைட்டுல கீறல் தெரியாதும்மா" என்றார் கடைக்காரர். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "தாள்ல கீறல் இருக்கான்னு பார்க்கணும்னா வெயில் சாய்வா விழற எடத்துல பிடிக்கணும். நேத்து ஜன்னல்கிட்ட வச்சு அப்படித்தான் பார்த்தேன்."

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்ன வெயில்?" என்றார் மாமா தரையிலிருந்து. மூக்கை அடைத்திருந்த ரத்தத்தில் குரல் குழறியது.

"சாயங்கால வெயில். இன்னும் எறங்கல."

"யோவ்" என்றார் அப்பா.

"கீழ் ஓரத்துல ஈரம் இருந்துச்சு. ஈரத்துணியால துடைச்சுட்டா, எத்தனை தடவ சொன்னாலும் மண்டைல ஏறாதுன்னாரு. அம்மா எங்கன்னு கேட்டேன். படுத்திருக்கான்னாரு."

ஹார்ன் மறுபடியும் அடித்தது.

"கண்ணாடிய எடுத்து, ஈரத்தை ஒத்தி எடுக்குற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாரும்மா. ரெண்டு டீ குடிச்சாரு. புதுச் சட்டத்துக்குக் கலர் பார்த்தாரு. தாள்ல ஒரு கீறல்கூட இல்லைன்னு நான் சொன்னதுக்கப்புறம்தான் எந்திரிச்சாரு."

எலி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளையோ கடைக்காரரையோ பார்க்கவில்லை. அவள் உள்ளங்கைக்குக் கீழே பழுப்புக் காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடு. உள்ள எறங்கிடும்" என்றார்.