தனலட்சுமி விட்ட வாசல்

1993 மார்கழி முதல் நாளிலிருந்து, பாளையங்கோட்டையில் எங்கள் மனமகிழ் மன்றத்து டென்னிஸ் தரையில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. பிசான நெல் நடவு முடிந்திருந்த நேரம். டென்னிஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நடுவில் வலை, இரண்டு பக்கமும் மட்டை; பந்தை வலையில் அடித்தாலும் கோட்டுக்கு வெளியே அடித்தாலும் எதிராளிக்குப் புள்ளி, உள்ளே விழுந்ததை எதிராளி தவறவிட்டால் அடித்தவனுக்குப் புள்ளி. முதல் புள்ளிக்குப் பதினைந்து, அடுத்ததற்கு முப்பது, மூன்றாவதற்குப் பத்துதான் கூட்டி நாற்பது; பூஜ்யத்துக்கு லவ். ஏனென்று கேட்டால் ஆடுகிறவனே முழிப்பான். துரைமார் புல்லில் ஆடிய ஆட்டம் இங்கே வந்ததும் புல் காய்ந்துபோய், சாணி மெழுகிய தரைக்கு மாறியது. மட்டை நரம்பு ஆட்டுக்குடல் என்று தெரிந்த அன்று சைவப் பிள்ளைமார் மட்டையைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்கள். நைலான் வந்த பிறகுதான் திரும்பினார்கள். அதற்குள் இருபது வருஷம் ஓடிவிட்டது.

தரையை மெழுகிச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள் தனலட்சுமி. ராதாபுரத்துப் பனங்காட்டில், தண்ணீருக்குக் குடத்தோடு இரண்டு மைல் நடந்து வளர்ந்தவள். இங்கே வந்தபின் தினமும் தாமிரபரணியில் கழுத்தளவுத் தண்ணீரில் முங்கிக் குளிக்கிறாள். சம்பளத்தைவிட அந்தக் குளியல்தான் அவளுக்குப் பெரிது. வேலை போனால் அதுவும் போகும். அன்று சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. மார்கழி மாதமல்லவா, கை தானாக அரிசிமாவுக்குப் போய்விட்டது. சுற்றுக்கோட்டை மாவால் இழுத்து, மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூவும் வைத்துவிட்டாள். கோலத்தை மனுஷனே மிதிக்கமாட்டான், பந்து மிதிக்குமா? எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கோட்டுக்கு மேலே வந்ததும் அந்தரத்தில் நின்று, மரியாதையாகத் திரும்பி, அடித்தவர் மட்டைக்கே வந்தது.

மன்றச் செயலாளர் வக்கீல் சிவசண்முகமும் அணைக்கட்டு இன்ஜினியர் கணேஷ்ராமும் திங்கட்கிழமை தொடங்கிய ஆட்டம் வெள்ளிக்கிழமை வரை நாற்பதுக்கு நாற்பதிலேயே நின்றது. வலையில் அடித்துத் தோற்க இருவருக்கும் மானம் விடவில்லை. இன்ஜினியர் இடது கையால் ஆடிக்கொண்டே வலது கையால் இட்லி தின்றார். உவரியிலிருந்து மீன் கொண்டுவருகிற சைக்கிள்காரர்கள் நின்று பார்த்ததில் சந்தையில் மீன் நாறிப்போனது. மாவைக் கழுவிவிட்டுச் சுண்ணாம்பு போட்டும் பார்த்தார்கள். தரை மறக்கவில்லை.

தை பிறந்ததும் இங்கே மாவட்டப் போட்டி நடத்தலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு நடுவர் வருவதாகக் கடிதம் வந்தது. வக்கீல் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். தனலட்சுமியைக் கூப்பிட்டு, "பந்து வெளிய போவ ஒரு வழி பண்ணு. இல்லன்னா நீ போவணும், பாத்துக்கோ" என்றார். அவளுக்கு அழுகை முட்டியது. ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு முங்கி எழுந்தாள். நேரே வந்து வக்கீலிடம், "வாசல் வைக்காம வீடு கட்டுனா யாரு வெளிய போவா, ஐயா? எம்மேலதான் தப்பு. இப்பம் பாருங்க" என்றாள். ஈசான மூலையில் கோட்டை நாலு விரல் அகலத்துக்கு அழித்துவிட்டாள்.

நடுவர் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே விழவேண்டிய பந்தெல்லாம் கோட்டோரமாகவே உருண்டுபோய், ஈசான மூலை வாசலில் ஒரு கணம் நின்று, வெளியேறியது. உள்ளே விழுந்து ஆள் தவறவிட்ட பந்து இரண்டு தத்துத் தத்தி அங்கேயே உட்கார்ந்தது. பந்து உள்ளேயா வெளியேயா என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நடுவர் முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தொண்டை வலிக்காமல் வீடு போனார். கோட்டுக்குக் காவல் ஆள் வேண்டாம், கோடு போடுகிறவரை மாற்றவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தனலட்சுமியின் வேலை நிரந்தரமானது. மறுநாள் விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை அவள் ஆற்றைவிட்டு ஏறவில்லை.

மற்ற ஊர்களில் சிமெண்டுத் தரை வந்தது. இங்கே சாணித் தரைதான். பந்து வருகையில் வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள். 1999 பொங்கலன்று, எல்லோரும் வற்புறுத்தித் தனலட்சுமி கையில் மட்டையைக் கொடுத்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தாள். பந்து கோட்டைத் தாண்டி நாலு முழம் தள்ளி விழவேண்டியது. கோட்டோரமாக உருண்டு வாசலுக்குப் போனது, நின்றது, வெளியே போகாமல் உள்பக்கமாகவே உட்கார்ந்துவிட்டது. எதிரே மட்டையோடு நின்ற வக்கீல் சிவசண்முகம் வாசல் வரை போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "சரி, பதினஞ்சுக்கு லவ்வு. அடுத்ததை அடி, தாயி" என்றார்.