பட்டி நோம்பிக்குத் தருவதாகச் சொன்னது

எருத்தேன்பதியில் காளிச்சாமி தன் மனைவியின் காதுக்குப் பின்னாலிருந்து கடுகளவு வில்லைகளைப் பிடுங்கித் தன் காதுக்குப் பின்னால் அடித்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயதுக்குமேல் முப்பது வயது ஆளானார். அது தொடங்கிய வருடம் கொப்பரைக்கு நல்ல விலை, மழை சுமார்.

அவர் பால் சங்கத்து மாடுகளுக்குக் காதில் எண் வில்லை அடிக்கிறவர். செத்த மாட்டின் வில்லையைக் கழற்றி உயிருள்ள மாட்டுக்கு மாட்டுவதிலும் அவர் கைக்கு ஈடில்லை என்று பேச்சு. அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. கொச்சியில் ஆராய்ச்சி செய்யும் மகள் கிருத்திகா தீபாவளிக்கு வந்தபோது விளக்கினாள்: உடம்பிலுள்ள புரதங்களின்மேல் சுமோ என்றொரு குட்டிப் புரதம் வில்லைபோல ஒட்டும். ஒட்டினால் அந்தப் புரதம் இடம் மாறும், வேலை மாறும், சிலது கெடாமல் தப்பும். வேலை முடிந்தால் வில்லை கழன்றுவிட வேண்டும். வயதானால் ஒட்டுவதும் கழல்வதும் தாறுமாறாகும். கெட்டவை மூளையில் திரண்டால் நடுக்கமும் மறதியும் வரும்.

"ஒருத்தர்த எடுத்து இன்னொருத்தருக்கு அடிக்கலாமா அம்மிணி?"

"மாடுன்னு நெனச்சீங்ளாப்பா," என்று சிரித்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

மாடு என்றுதான் அவர் நினைத்தார். மனைவி வள்ளியாத்தாளிடம் அவளுடைய வில்லைகளைக் கேட்டார். நடுங்கும் கையைப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கவில்லை. தலையைச் சாய்த்துக் காட்டினாள். "கை நிக்கற வரைக்கும் வெச்சுக்கோங்க. பட்டி நோம்பிக்குத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள். மாட்டுப் பொங்கலன்று வருவது பட்டி நோம்பி. தருவதாக மாட்டுப் பட்டியைத் தொட்டுச் சொன்னார். குறட்டால் பிடுங்கியபோது ஒரு சொட்டு ரத்தமும் வரவில்லை.

மறுநாளே கை நடுக்கம் நின்றது. பட்டி நோம்பி வந்தது, பட்டிக்குள் சடங்குக்காகக் கட்டிய சிறு தெப்பக்குளத்தை மாடுகள் மிதித்துப் போயின, குறடு வெளியே வரவில்லை. அறுப்பு முடியட்டும் என்றார். அடுத்த வருடம், தேங்காய் போடட்டும் என்றார். இதற்கிடையில் மதியம் அவள் கண்ணயரும்போதெல்லாம் கேட்காமலே இன்னும் பிடுங்கினார். அவருக்கு நரை போனது, பல் முளைத்தது. அவள் அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள், பிறகு பசுக்களின் பெயரை, பிறகு மகளை. கேட்டதும் கொடுத்தவளிடமே திருடுவதற்குத் துரோகம் என்றுதான் பெயர். ஊரில் ஒருவரும் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, பால் சங்கத்தில் அவர் தயவு வேண்டியிருந்தது.

கிருத்திகா வந்து அப்பாவின் காதுமடலைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா உங்கள நம்பித்தானுங்ப்பா குடுத்துச்சு," என்றாள். அவளே குறடு பிடித்து இழுத்தாள். ஒன்றும் கழலவில்லை, எல்லாம் சதையோடு சேர்ந்துவிட்டிருந்தன. அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசுவதில்லை.

வள்ளியாத்தாள் இப்போது அவரைத் தம்பி என்று கூப்பிடுகிறாள். வீட்டுக்கே வந்து தீராத நோயாளிகளைக் கவனிக்கும் பாலியேட்டிவ் நர்ஸும் அவரை மகன் என்றே நினைத்திருக்கிறார், யாரும் திருத்துவதில்லை. சோறு ஊட்டும்போது அவள் காதைத் தடவிக்கொண்டு சொல்வாள்: "எங்கூட்டுக்காரரு வாங்கீட்டுப் போயிருக்காருங்க தம்பி. சொன்ன சொல்லுத் தவற மாட்டாருங்க."

"வந்துருவாருங்க," என்று அவர் அடுத்த வாயைக் கொடுப்பார்.

ஒவ்வொரு பட்டி நோம்பியன்றும் அவள் குளித்துவிட்டு, தலையைச் சாய்த்தபடி பட்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். மாடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன.