ஆறாவது ஏவல்

அலுவலகத்தில் அவரைக் கத்தரி என்றே அழைத்தனர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பிழைத்திருந்தது. பிறர் நானூறு வரியில் எழுதிய கணினி நிரலை நாற்பது வரியாக நறுக்கித் தருவதே அவருடைய உத்தியோகம். அப்பழக்கம் வீடு வரையில் வந்துவிட்டது. சட்டைக் காலரில் தைத்த துணித்துண்டையும் வெட்டுவார், பேச்சையும் வெட்டுவார். "சாப்பிட்டியாடா?" என்று அக்காள் கேட்டால் "ம்" என்பதே முழு விடை.

"அந்த 'ம்'மையும் என்னைக்காவது நறுக்கிடுவே" என்பாள் அக்காள்.

அக்காளும் அத்தானும் ஐந்து மாதமாக அவர் வீட்டில் தங்கியிருந்தனர். அத்தான் துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டு கிரேன் ஓட்டியவர். கிரேன்கள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டதும் அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "சும்மாதான் இருக்கேன்" என்று சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

கத்தரி ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கணினி மொழியைச் செதுக்கி வந்தார். உலகுக்குப் பயன்படாது என்று தெரிந்தே செய்யும் வேடிக்கை மொழி அது. எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் அமரும். அவற்றை ஆட்டிவைக்கும் ஏவல்கள், அதாவது கட்டளைச் சொற்கள், ஆறே ஆறு. 'போடு' என்றால் ஒன்று என்னும் எண் மேலே ஏறும். 'இரட்டி' மேலுள்ளதைப் படியெடுக்கும். 'கழி' மேலிரண்டை எடுத்துக் கழித்து விடையை வைக்கும். 'சுற்று' மேலுள்ளதை அடிக்கு அனுப்பும். 'தாவு' மேலுள்ள எண் எத்தனையோ அத்தனை சொற்களைத் தாண்டி முன்னோ பின்னோ குதிக்கும். ஆறாவது ஏவல் 'சும்மா'. அது யாதொன்றும் செய்யாது. ஏதோ ஒரு சோதனைக்காக வைத்தது, அப்படியே தங்கிவிட்டது.

ஒருநாள் திரையை எட்டிப் பார்த்த அத்தான் துள்ளிவிட்டார். "இது நம்ம துறைமுகத்துல பெட்டி அடுக்குற யார்டு மாதிரியே இருக்கே, மாப்ள! மேல இருக்கிற பெட்டியை நகர்த்தாம கீழ இருக்கிறதைத் தொட முடியுமா?"

அன்றே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதத் தொடங்கினார். பதினோரு நாளில் ஏழு எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்று உருவாயிற்று. அம்மொழியில் எழுதத் தெரிந்த இரண்டாவது மனிதர் அவரே, மூன்றாமவர் இல்லை.

அந்நிலையில் சின்னஞ்சிறு மொழிகளுக்கென ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. ஐந்து ஏவலுக்கு மேல் இருந்தால் ஏற்கப்படாது. வென்றவர் தம் மொழியை ஓர் அவையில் விளக்கலாம். பதினோர் ஆண்டாகப் பிறர் எழுத்தையே வெட்டி வந்த கத்தரிக்குத் தமதென்று சொல்லிக்கொள்ள இதுவரை ஒரு வரியும் இல்லை. ஆசை நெஞ்சை அரித்தது. கடைசி நாளன்று மாலை நான்கு மணிக்கு 'சும்மா'வை வெட்டினார். ஒன்றும் செய்யாத சொல் போனால் எதுவும் மாறாது என்பது அவர் கணக்கு. ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

ஐந்தேகாலுக்கு அத்தான் தம் நிரலை ஓட்டினார். அது நிற்கவே இல்லை. செக்குமாடுபோல் ஒரே இடத்தைச் சுற்றியது.

"மாப்ள, எதையாவது தொட்டியா?"

"சும்மாவை எடுத்துட்டேன். அது ஒண்ணும் செய்யலியே, அத்தான்."

அத்தான் நோட்டை நீட்டினார். எங்கெல்லாம் ஒரு சொல் வேண்டாமென்று அடித்தாரோ அங்கெல்லாம் எண்ணிக்கை மாறாதிருக்க 'சும்மா' என்று எழுதியிருந்தார், பதினேழு இடங்கள். மொழி இப்போது அச்சொல்லை எண்ணாமல் விட்டதால் தாவல்கள் அனைத்தும் இடம் தவறி விழுந்தன.

"யார்டுல ஒரு கட்டத்தை எப்பவும் காலியா விடுவோம். பார்க்கிறவனுக்கு வீண் இடம். புதுசா வந்த மேனேஜர் அதுலயும் பெட்டியை அடுக்கச் சொன்னார். அடுக்கினோம். அன்னைக்கு ஒரு பெட்டியைக்கூட அசைக்க முடியலை." சொல்லிவிட்டு அத்தான் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும். உனக்கு இது பெரிய வாய்ப்பு. நான் முதல்லேர்ந்து எண்ணி எழுதிக்கிறேன். சும்மா இருக்கிறவனுக்கு என்ன அவசரம்?"

"ஆமா, பதினோரு நாளா சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட 'எண்ணிக்கிட்டிருக்கேன்'னு சொன்ன மனுஷன்தானே இவர்!" என்றாள் வாசற்படியில் நின்ற அக்காள். "நல்லா சும்மா இருந்தீங்க!"

அத்தான் சிரித்தார். இம்முறை சிரிப்பு கண் வரையில் சென்றது. கத்தரி அதைப் பார்த்தார்.

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. அனுப்புவதற்கான பொத்தான் திரையில் தயாராக நின்றது. அத்தான் நோட்டில் ஒரு புதுப்பக்கத்தைத் திருப்பி, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தரி போட்டிப் பக்கத்தை மூடினார். வெட்டிய வரியைத் தேடியெடுத்து அதன் இடத்திலேயே மீண்டும் ஒட்டினார்.

"பழைய நோட்டையே எடுங்க, அத்தான்," என்றார். "போட்டிக்கு அனுப்பலை. இந்த மொழியில ஆறு சொல்லு."